பெத்துப் போட்டதாலயா கானா ஏழையாச்சு?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. எழுதலாம், வேணாம், எழுதலாம், வேணாம்னு ஓடிட்டிருந்துச்சு. போன வாரம் காலேஜ் குரூப்ல வந்த ஒரு ஃபார்வர்ட் உசுப்பேத்தி விட்டுடுச்சு.

ஃபார்வர்டோட சாரம் இதுதான். "1957ல கானாவும் தென்கொரியாவும் ஒரே மாதிரி ஏழை நாடுகள். இன்னிக்கு கொரியா எங்கே, கானா எங்கே? காரணம் மூணு. கணக்கில்லாம பிள்ளை பெத்துக்கிறது, உழைக்காம சோம்பேறியா இருக்கிறது, ஊழல்." கீழே வரிசையா கைதட்டுற பொம்மைகள். கூடப் படிச்ச, நல்லா மார்க் வாங்கின, இப்ப நல்ல வேலையில இருக்கிற பசங்க அத்தனை பேரும் தட்டியிருந்தாங்க.

நானும் ஒரு காலத்துல தட்டியிருப்பேன். அதனாலதான் இந்தப் பதிவு.

2022 அக்டோபர்ல ஆபீஸ்ல என்னை அக்ராவுக்கு அனுப்பினாங்க. ஒரு பேங்க்குக்கு மொபைல் மணி இணைப்பு எழுதுற வேலை. எட்டு மாசம் ஆணி புடுங்கினேன். கிளம்புறப்ப அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அங்கெல்லாம் சோறு கிடைக்குமாடா?" இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கெஸ்ட் ஹவுஸ்ல எங்க டீம் லீட் தினமும் ராத்திரி ரசம் சாதத்தோட ஒரு சொற்பொழிவும் பரிமாறுவார். "தம்பி, இவனுங்க இப்படிப் பெத்துப் பெத்துப் போட்டா எந்த நாடு உருப்படும்? நீயே சொல்லு." நானும் "ஆமா சார்"னு சொல்லிட்டு அப்பளத்தை நொறுக்குவேன். ஆமா சார் போடுறதுக்கு நமக்கு யாராவது சொல்லித் தரணுமா என்ன :)

இதோட நிறுத்தியிருந்தா பரவாயில்ல. ஒருநாள் அதே டயலாக்கை கொஞ்சம் பாலிஷ் போட்டு, கூட வேலை பார்த்த கானாக்காரர்கிட்டயே எடுத்து விட்டேன். அங்கே அக்கான் மக்கள்கிட்ட பிறந்த கிழமையே பேரா வரும். சனிக்கிழமைன்னா க்வாமே (என்க்ரூமா), வெள்ளிக்கிழமைன்னா கோஃபி (அன்னான்). நம்மாளு வியாழக்கிழமை கேஸ். இந்தப் பதிவுல அவரை வியாழன்னே கூப்பிடுறேன்.

"உங்க நாட்டுல மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தாததுதானே பெரிய பிரச்னை?"ன்னு கேட்டேன். வியாழன் கோவப்படல. "எங்க நாடு எவ்வளவு பெரிசுன்னு தெரியுமா?"ன்னு திருப்பிக் கேட்டார். தெரியாது. "எத்தனை பேர் இருக்கோம்னு தெரியுமா?" அதுவும் தெரியாது. "சரி, அது ரெண்டும் தெரியாம அதிகம்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

இஞ்சினியரிங் படிச்சவன்னு சொல்லிக்க அன்னிக்கு வெட்கமா இருந்துச்சு. ரெண்டு வேரியபிளும் தெரியாம விடை எழுதிட்டு வந்திருக்கேன். ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல் இன்னும் முடியல. இதுவரைக்கும் தெரிஞ்சதை வெச்சு அந்த ஃபார்வர்டுக்கு வரிசையா பதில் சொல்றேன்.

முதல் குற்றச்சாட்டு: பிள்ளை பெத்துக்கிறாங்க

கானாவோட பரப்பு ஏறக்குறைய 2,38,500 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்புல ஜனத்தொகை 3.08 கோடி. பிரிட்டனோட பரப்பு ஏறக்குறைய 2,43,600. அதே 2021ல அங்கே ஜனம் 6.7 கோடி. கிட்டத்தட்ட ஒரே சைஸ், ரெண்டு மடங்குக்கு மேல ஜனம். இந்த கானாவைத்தான் 'தங்கக் கடற்கரை'ன்னு பேர் வெச்சு 1957 மார்ச் 6 வரைக்கும் பிரிட்டன் ஆண்டுச்சு. பிரிட்டன்காரங்க பெத்துப் பெத்துப் போட்டாங்கன்னு யாராவது ஃபார்வர்ட் அனுப்பிப் பார்த்திருக்கீங்களா? மாறா, ஆள் பத்தலைன்னு கானாவுல படிச்ச நர்ஸுங்களைக் கொத்துக்கொத்தா கூட்டிட்டுப் போறாங்க. 2023ல உலக சுகாதார நிறுவனம், மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை உள்ள நாடுகள்னு போட்ட பட்டியல்ல கானாவும் இருக்கு. பெத்தது அதிகம்னு இவங்களைத் திட்டிட்டு, வளர்த்துப் படிக்க வெச்சதை அவங்க எடுத்துக்கிறாங்க.

ஜனத்தொகை பிரச்னையே இல்லன்னு நான் சொல்லல. 1960 கணக்கெடுப்புல 67 லட்சமா இருந்தது அறுபது வருஷத்துல நாலரை மடங்கு ஆகியிருக்கு. 2017ல மேல்நிலைப் பள்ளிப் படிப்பை இலவசமாக்கினாங்க. புள்ளைங்க குவிஞ்சதுல இடம் பத்தாம, அடுத்த வருஷமே பாதிப் பேர் பள்ளிக்கூடத்துல, பாதிப் பேர் வீட்டுலன்னு முறை போட்டுப் படிக்க வெச்சாங்க. நெருக்கடி நிஜம்.

ஆனா இன்னொரு கணக்கையும் பாருங்க. 1988 ஆய்வுல ஒரு பெண்ணுக்குச் சராசரியா 6.4 குழந்தைங்க. 2022 ஆய்வுல 3.9. யாரும் பிடிச்சுக் கட்டாயப்படுத்தல. பொண்ணுங்க பள்ளிக்கூடம் போனாங்க, ஊசி மருந்து வந்துச்சு, பொறந்தது தங்கும்னு நம்பிக்கை வந்துச்சு, தானா குறைஞ்சுது. குழந்தைங்க எண்ணிக்கை இறங்கிட்டே வந்த அதே காலத்துலதான் கடன் ஏறி, 2022 டிசம்பர்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலைன்னு அரசாங்கம் கையை விரிச்சது. பிள்ளை பெத்ததாலதான் திவால்னா, 6.4 இருந்தப்ப ஆகாத திவால் 3.9ல எப்படி ஆச்சு?

ரெண்டாவது குற்றச்சாட்டு: சோம்பேறிங்க

இதைச் சொல்றவங்க அக்ராவுல காலையில நாலரை மணிக்கு எழுந்து பார்த்ததில்ல. அந்த நேரத்துக்கே ட்ரோட்ரோ ஓட ஆரம்பிச்சிரும். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வேன். கிளீனர் பையன் தொங்கிக்கிட்டே ஊர்ப்பேரைக் கூவுவான். உள்ளே தலைச்சுமை வியாபாரிங்க, வாட்ச்மேன்கள், ஆபீஸ் துடைக்கப் போறவங்கன்னு நெருக்கியடிச்சு உட்கார்ந்திருப்பாங்க.

மார்க்கெட்டுக்குப் போனா 'காயாயே' பொண்ணுங்களைப் பார்க்கலாம். தலையில பெரிய அலுமினியத் தாம்பாளம், அதுல அடுத்தவங்க வாங்கின மூட்டை, சில பேருக்கு முதுகுல துணியில கட்டின கைக்குழந்தை. பலருக்கு வயசு பதினெட்டு கூட இருக்காது. பெரும்பாலும் வடக்கு கானாவுல இருந்து வந்தவங்க. ஏன் வடக்குல இருந்து? பிரிட்டிஷ்காரன் காலத்துல தெற்குலதான் தங்கச் சுரங்கம், கோகோ, ரயில், துறைமுகம், பள்ளிக்கூடம் எல்லாம். வடக்கை, தெற்குக்குக் கூலியாள் அனுப்புற பகுதியாவே வெச்சிருந்தான். அவன் போயி அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பாதையில இன்னும் ஆள் வந்துட்டே இருக்கு. இதுல அவன் போனப்புறம் வந்த அரசாங்கங்களுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் கோகோ. காயை வெட்டி, உடைச்சு, கொட்டையை வாழை இலையில மூடி ஆறேழு நாள் புளிக்க வெச்சு, வெயில்ல பரப்பித் துழாவிக் காய வெக்கணும். முக்கால்வாசி கை வேலைதான். இந்த வேலையைச் செய்யுற குடும்பத்துக்கு, சாக்லேட் விக்கிற விலையில ஆறேழு சதவீதம் வந்தா பெரிசு.

2024 ஏப்ரல்ல நியூயார்க் சந்தையில கோகோ டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டுச்சு. வரலாறு காணாத விலை. அதே மாசம் கானா விவசாயிக்கு அரசாங்கம் 'உயர்த்தி' அறிவிச்ச விலை டன்னுக்கு 33,120 சீடி. அவங்க பணத்துக்குப் பேரு சீடி, டிவிடி எங்கேன்னு கேட்காதீங்க :) அன்னிய மாற்று ரேட்டுக்கு 2,500 டாலருக்கும் கம்மி. ஏன்? 1947ல பிரிட்டிஷ் காலத்துலயே ஆரம்பிச்ச கோகோ வாரியம்தான் விலை வெக்கும். அது வரப்போற விளைச்சல்ல பெரும்பகுதியை முன்கூட்டியே பழைய விலைக்கு வித்திருச்சு. சந்தை விலை ஏறினப்ப ஏறின விலைக்கு விக்க கையில சரக்கு இல்ல. 2020-21ல பத்து லட்சம் டன்னைத் தாண்டின விளைச்சல் 2023-24ல கிட்டத்தட்ட பாதியாச்சு. மரத்துக்கு நோய், மழைக் கோளாறு, பக்கத்து நாட்டுக்குக் கடத்தல்னு பல காரணம். உழைச்சவன் உழைச்சுட்டுத்தான் இருந்தான். விலையை எழுதுற பேனா அவன் கையில இல்ல.

கொரியா கதை

இப்ப அந்த கொரியா ஒப்பீட்டுக்கு வருவோம். என்க்ரூமா சும்மா இருந்தார்னு நினைக்காதீங்க. வோல்டா ஆத்துல அகோசொம்போ அணையைக் கட்டினார். 1966 ஜனவரியில திறந்தாங்க. ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீட்டருக்கு ஏரி, 80,000 பேர் வீடு நிலத்தை விட்டுட்டுப் போனாங்க. நோக்கம் என்ன? நாட்டுல பாக்சைட் இருக்கு, அணையில கரண்ட் வரும், சொந்தமா அலுமினியம் உருக்கலாம். நடந்தது என்ன? உருக்காலையை நடத்தினது ரெண்டு அமெரிக்க கம்பெனிங்க. கரண்ட் அவங்களுக்கு அடிமாட்டு விலை. கானா பாக்சைட்டை எடுத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, மூலப்பொருளை வெளிநாட்டுல இருந்து கப்பல்ல கொண்டு வந்து உருக்கினாங்க. கானா பாக்சைட் கப்பல் ஏறி வெளியே போயிட்டே இருந்துச்சு. அணை திறந்து ஒரு மாசத்துல, பிப்ரவரி 24ல, ராணுவம் என்க்ரூமாவைக் கவுத்துடுச்சு. அவரும் உத்தமர் இல்ல, விசாரணை இல்லாம ஆட்களை உள்ளே தள்ளினவர், ஒரே கட்சி ஆட்சின்னு சட்டம் போட்டவர். ஆனா அந்த அணை ஒப்பந்தம் அவரோட சோம்பேறித்தனத்தால கெட்டுப் போகல.

அடுத்தது கோழி. இதை எனக்குச் சொன்னது வியாழன்.

அவரோட அப்பா டோர்மா பக்கத்துல கோழிப் பண்ணை வெச்சிருந்தார். கானாவுல கோழிப் பண்ணைக்குப் பேர் போன ஊர் அது. ஐரோப்பா, அமெரிக்கா, பிரேசில்ல இருந்து உறைஞ்ச கோழிக்கறி வந்து இறங்க ஆரம்பிச்சுது. பல நாட்டுல பண்ணைக்காரனுக்கு அரசாங்கமே மானியம் தருது. அங்கே நெஞ்சுக்கறிக்குத்தான் கிராக்கி, மிச்ச மீதி மலிவா கப்பல் ஏறிடும். உள்ளூர் கோழி விலைக்கு நிக்க முடியல. 2003ல கானா நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. கோழி இறக்குமதி வரி 20ல இருந்து 40 சதவீதம், அரிசிக்கு 20ல இருந்து 25. உலக வர்த்தக அமைப்புகிட்ட கானா ஒத்துக்கிட்ட உச்ச வரம்புக்குள்ளதான் இது. ஆனா ஐ.எம்.எஃப்போட பேச்சுவார்த்தை நடந்ததும் அமல்படுத்துறதை நிறுத்திட்டாங்க. கோழி வளர்க்கிறவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2005ல கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து பண்ணிட்டுப் போயிடுச்சு.

நம்ம ஃபார்வர்ட் மகான்களுக்கு என் கேள்வி இதுதான். கொரியா தன் தொழிற்சாலைகளை வளர்த்தெடுத்த காலத்துல, வெளிநாட்டுச் சரக்குக்குத் தடையும் வரியும் போட்டுத்தானே வளர்த்துச்சு? அதுக்கு முன்னாடியே நிலச்சீர்திருத்தம் பண்ணிச்சு, அமெரிக்க உதவி கொட்டுச்சு. அவன் காருக்கும் இரும்புக்கும் வேலி போட்டுக்கிட்டான். இவன் ஒரு கோழிக்கு வேலி போடுறேன்னா விடல. ரெண்டு பேரையும் ஒரே டிராக்ல ஓட விட்ட மாதிரி ரிசல்ட் மட்டும் பார்த்துக் கைதட்டுறீங்களே, நியாயமா?

அம்மா கேட்ட கேள்விக்கு பதில் இங்கேதான் இருக்கு. சோறு கிடைச்சுது. வியட்நாம் அரிசி, தாய்லாந்து அரிசி, ஏன், இந்திய அரிசி கூட கிடைச்சுது. பிரேசில் கோழியும் கிடைச்சுது. மண்ணும் மழையும் இருக்கிற ஊர்ல, கப்பல்ல வந்த சோத்தைத்தான் எட்டு மாசமும் நிறைய தின்னேன்.

மூணாவது குற்றச்சாட்டு: ஊழல்

இதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2017ல பதவிக்கு வந்த அகுஃபோ-அட்டோ அரசுல அமைச்சர்கள் துணை அமைச்சர்கள் சேர்த்து 110 பேர். தேசியப் பேராலயம் கட்டுறேன்னு 5.8 கோடி டாலர் செலவழிச்சு, மிஞ்சினது அக்ரா நடுவுல ஒரு பெரிய பள்ளம். 'கலாம்ஸே'ங்கிற திருட்டுத் தங்கச் சுரங்கம் ஆத்தையெல்லாம் காப்பித் தண்ணியாக்கிடுச்சு. 2024ல ப்ரா ஆத்துத் தண்ணியைச் சுத்திகரிக்கிற நிலையம் ஒண்ணுல கலங்கல் அளவு 14,000. அந்த இயந்திரம் தாங்குறது 2,000. அரசியல்வாதி ஆசி இல்லாம இவ்வளவு பெரிய மண்வெட்டி இயந்திரங்கள் காட்டுக்குள்ள போகுமா? கானாக்காரங்களே தெருவுல இறங்கிக் கேட்ட கேள்வி இது.

ஆனா ஊழலுக்குத் தண்டனை யாருக்குக் கிடைச்சதுன்னும் பாருங்க. நான் அங்கே இருந்த 2022 டிசம்பர்ல விலைவாசி ஏத்தம் 54.1 சதவீதம். ஆபீஸ் கேன்டீன்ல வாச்சே (அரிசியும் தட்டைப்பயறும் சேர்த்து வேக வெச்சது) விலைப்பலகையை சாக்பீஸுக்கு மாத்திட்டாங்க. தினமும் அழிச்சு எழுதணுமே. அரசாங்கப் பத்திரத்துல சேமிப்பைப் போட்ட ஜனங்ககிட்ட, வட்டியைக் குறைச்சுக்கோ, தவணையைத் தள்ளிப்போட்டுக்கோன்னு சொன்னாங்க. 2023 பிப்ரவரியில பென்ஷன்காரங்க நிதியமைச்சகம் முன்னாடி வந்து உட்கார்ந்தாங்க. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி சோஃபியா அகுஃபோவும் அந்தக் கூட்டத்துல வந்து நின்னார். ஒரு நாட்டோட தலைமை நீதிபதியா இருந்தவங்க, தன் சேமிப்புக்காகத் தெருவுல நின்ன படத்தைப் பார்த்தப்ப எங்க டீம் லீட் கூட அன்னிக்கு ராத்திரி சொற்பொழிவு நடத்தல.

அப்புறம் 2023 மே மாசம் ஐ.எம்.எஃப் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்துச்சு. இது பதினேழாவது தடவை. ஒரே டாக்டர்கிட்ட பதினேழு தடவை அட்மிட் ஆன நோயாளியைப் பார்த்து, நோயாளி உடம்பு மட்டும் சரியில்லன்னு சொல்லுவீங்களா, இல்ல டாக்டர் சீட்டையும் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பீங்களா?

இன்னொண்ணு. 1992 அரசியல் சட்டத்துக்கு அப்புறம் 2001, 2009, 2017, 2025னு நாலு தடவை ஆளுங்கட்சி தோத்து, எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்திருக்கு. எல்லாம் ஓட்டுப்பெட்டி வழியா. 2024 டிசம்பர் தேர்தல்ல, முடிவு அதிகாரபூர்வமா வர்றதுக்கு முன்னாடியே ஆளுங்கட்சி வேட்பாளர் தோல்வியை ஒத்துக்கிட்டார். மொபைல் மணிக்கு 2022ல போட்ட வரியை ஜனங்க வெறுத்தாங்க. 2025ல புது அரசு அதைத் தூக்கிடுச்சு. நான் எழுதின கோட்ல அந்த வரிக்குன்னே ஒரு மாட்யூல் இருந்துச்சு, அதுக்கு இப்ப வேலை போயிருக்கும். சந்தோஷமான பணிநீக்கம் :) விலைவாசி ஏத்தமும் 2025ல ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிடுச்சு.

கடைசியா, நாம

கிளம்புறதுக்கு முன்னாடி வியாழன் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போனார். அப்பாவோட பழைய கோழி ஷெட்டைக் காட்டினார். கம்பி வலை அப்படியே இருக்கு. கோழிக்குப் பதிலா உள்ளே மூட்டை மூட்டையா அடுக்கியிருக்கு. என்னன்னு கேட்டேன். முந்திரிக்கொட்டை. ஓடு உடைக்காதது. வியாபாரி வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போவாராம்.

"எங்கே போகும்?"னு கேட்டேன். அப்பா சிரிச்சுக்கிட்டே என்னைக் கைகாட்டினார். மேற்கு ஆப்பிரிக்காவுல விளையுற முந்திரிக்கொட்டையில பெரும்பகுதி உடைக்காமலேயே வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் கப்பல் ஏறுது. நம்ம தூத்துக்குடி துறைமுகத்துல வந்து இறங்குற சரக்குல அதுவும் ஒண்ணு. கொட்டையா வர்றதை உடைச்சு, தோல் உரிச்சு, தரம் பிரிச்சு, பருப்பா விக்கிற லாபம் கடலுக்கு இந்தப் பக்கம். கானாவுல இருந்து இந்தியா வாங்குறதுல பெரும்பங்கு தங்கம். அந்தப் பெரியவர் கை காட்டினப்ப என் கழுத்துல அம்மா போட்டு அனுப்பின செயின் இருந்துச்சு. அது எந்த ஊர் மண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

பச்சையா வித்துட்டு, பக்குவம் பண்ணினதை அதிக விலைக்கு வாங்குற வியாபாரத்துல ஒரு நாட்டை நூறு வருஷத்துக்கு மேல மாட்ட வெச்சிருக்கு. முன்னாடி வாங்கினவன் வெள்ளைக்காரன். இப்ப அந்த வரிசையில நாமளும் நிக்கிறோம். நின்னுக்கிட்டே, விக்கிறவன் ஏன் ஏழையா இருக்கான்னு ஆராய்ச்சி பண்ணி, அவன் படுக்கையறைய எட்டிப் பார்த்துப் பதில் கண்டுபிடிக்கிறோம். ஒருத்தன் எத்தனை பிள்ளை பெத்தான்னு எண்ணுறது சுலபம். அவன் மூட்டைக்கு என்ன விலை கொடுத்தோம்னு எண்ணினா நம்ம பேரும் கணக்குல வந்துடும்.

குரூப்ல இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். ஒருத்தன் "மச்சி, சீரியஸ் ஆகாதடா, சும்மா ஃபார்வர்ட்"னான். இன்னொருத்தன் உடனே வேற ஜோக் போட்டான். டீம் லீட் சொன்னப்ப நான் அப்பளம் நொறுக்கின மாதிரிதான். அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல.

டிஸ்கி: இதை முதல்ல வியாழனுக்கு வரிவரியா சொல்லிக் காட்டினேன். எல்லாம் கேட்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களைப் பாவம்னு எழுதிடாதே, கணக்கு மட்டும் எழுது"ன்னார். எழுதிட்டேன். கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல தாராளமா கும்முங்க மக்கா. கைதட்டுற பொம்மை மட்டும் வேண்டாம்.